'உம்' கொட்டும் பொத்தான்

அலுவலகக் கணினியில் ஒருவர் பழைய கோப்பு ஒன்றை நீக்கப் போகிறார். 'நீக்கு' என்ற பொத்தானின் மேல் மவுஸ் அம்பு வந்ததும் பொத்தானின் நிறம் லேசாக மாறுகிறது. விரல் அழுத்துகிறது, பொத்தான் உள்ளே அமுங்கியதுபோல் கறுக்கிறது. அந்த நொடியில்தான் அவருக்கு உறைக்கிறது: இது போன ஆண்டின் கணக்கு இல்லை, இந்த ஆண்டினுடையது! விரலை எடுக்காமலேயே மவுஸைப் பக்கவாட்டில் இழுத்து, பொத்தானுக்கு வெளியே வந்த பிறகு விடுகிறார். அமுங்கிய பொத்தான் நிமிர்ந்துகொள்கிறது. கோப்பு பிழைத்தது.

இப்படித் தப்பிக்கலாம் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அம்பு விலகியதும் பொத்தான் நிமிர்வதைக் கண் பார்த்தது. காரியம் இன்னும் நடக்கவில்லை என்பதைக் கை புரிந்துகொண்டது.

திண்ணையில் கதை சொல்லும் பாட்டி, கேட்பவர் 'உம்' கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார். இருட்டில் பேரன் விழித்திருக்கிறானா, கதை அவன் காதில் விழுகிறதா என்பதற்கு அந்த ஒற்றை ஒலிதான் அடையாளம். கணினிப் பொத்தானும் 'உம்' கொட்டுகிறது. அம்பு மேலே வந்தால் ஒரு 'உம்'. அழுத்தினால் இன்னும் அழுத்தமாக ஒரு 'உம்'. இப்போது முடியாது என்றால் மங்கிய முகம். எந்த நிலைக்கு எந்த முகம் என்பதை எங்கே, எப்படி எழுதிவைப்பது? சின்னக் கேள்விதான். ஆனால் கண்ணின் இயல்பு, கணிதத்தின் பெருக்கல், காலத்தின் அளவு மூன்றும் அதற்குள் வந்து கூடுகின்றன.

கறுப்பு வெள்ளையில் ஒரு பதில்

1984 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மேகின்டோஷின் திரையில் அகலவாக்கில் 512, உயரவாக்கில் 342 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நடுவே சாம்பல்கூடக் கிடையாது. நினைவகம் 128 கிலோபைட். இவ்வளவு ஏழ்மையான அரங்கில் பொத்தான் எப்படிப் பதில் சொல்லும்? அழுத்தியதும் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொண்டன. வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருந்த எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகப் புரண்டது. செயலற்ற பொத்தானின் எழுத்து புள்ளி புள்ளியாக மங்கியது.

உள்ளே நிலையைக் குறித்துவைக்க ஒரே ஒரு பைட் போதுமாயிருந்தது. அதில் 0 என்றால் சும்மா இருக்கிறது. 255 என்றால் செயலற்றிருக்கிறது. மவுஸ் அழுத்தியிருக்கும்போது, பொத்தானுக்கென்று ஒதுக்கிய எண்ணான 10 அங்கே வந்து உட்காரும். 'டிராக்கன்ட்ரோல்' என்ற சிறு நிரல்பகுதி, விரல் அழுத்திய கணத்திலிருந்து விடும் கணம் வரை அம்பைப் பின்தொடரும். அம்பு உள்ளே இருந்தால் பொத்தானைக் கறுப்பாக்கும். வெளியே போனால் வெளுப்பாக்கும். உள்ளேயே விரலை விட்டால் மட்டும் 10 என்று விடை தரும். வெளியே விட்டால் சுழியம். நம் அலுவலகக்காரரைக் காப்பாற்றிய வழக்கம் அந்தச் சிறு நிரலில் அப்போதே இருந்தது.

வெளிச்சம் மேலிருந்து வரும்

1990இல் வந்த விண்டோஸ் 3.0, 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இரண்டிலும் பொத்தான்களுக்குப் புடைப்பு வந்தது. திரை தட்டையாகவே இருந்தாலும் சாம்பல் பொத்தான் எழும்பி நிற்பதாகக் கண் நம்பியது. ரகசியம் நான்கு கோடுகள். மேல் விளிம்பும் இடது விளிம்பும் வெள்ளை. கீழ் விளிம்பும் வலது விளிம்பும் கருமை. அழுத்தியதும் வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். எழுத்தும் ஒரு புள்ளி வலமாக, ஒரு புள்ளி கீழாக நகரும். அவ்வளவுதான், பொத்தான் குழிக்குள் இறங்கிவிடும்.

கண் ஏன் இதை நம்புகிறது? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988இல் 'நேச்சர்' இதழில் இதற்கு விளக்கம் தந்தார். மேல்புறம் வெளுத்துக் கீழ்ப்புறம் கறுத்த வட்டங்களைப் பார்ப்பவர்கள், அவை முட்டையைப் போல் புடைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதே வட்டங்களைத் தலைகீழாகத் திருப்பியதும் அவை பள்ளங்களாயின. வெளிச்சம் ஒன்றே ஒன்று, அதுவும் மேலிருந்து வருகிறது என்று மூளை கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த உயிரினத்துக்கு இது இயல்பான அனுமானம். தலையைக் கவிழ்த்துப் பார்த்தால் புடைப்பும் பள்ளமும் மாறிக்கொள்கின்றன என்பதையும் ராமச்சந்திரன் காட்டினார். ஆக, மூளை 'மேல்' என்று எண்ணுவது வானத்தின் திசையை அல்ல, நம் தலையின் திசையை.

ஒரு பொத்தானின் நான்கு கோடுகள் அத்தனை பழைய நம்பிக்கை ஒன்றின் மேல் நின்றிருந்தன.

பொத்தானுக்குச் சொந்த முகம் கிடையாது

விண்டோஸ் தந்த சாம்பல் பொத்தான் பிடிக்காதவர்கள் அக்காலத்தில் பட்ட பாடு பெரிது. முகத்தை மாற்ற வேண்டுமானால் முழுப் பொறுப்பையும் நிரலாளரே ஏற்க வேண்டும். 'இந்தப் பொத்தானை வரை' என்று விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பும். அழுந்தியிருக்கிறதா, செயலற்றிருக்கிறதா, விசைப்பலகையின் கவனம் அதன் மேல் இருக்கிறதா என்ற குறிப்புகளும் கூட வரும். ஒவ்வொன்றுக்கும் 'இப்படியானால் இப்படி வரை' என்று பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும். அம்பு பொத்தானை விட்டு விலகிப்போனதைத் தெரிந்துகொள்ளத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதை மறந்தால் அம்பு போன பிறகும் பொத்தான் மினுங்கிக்கொண்டே நிற்கும். வண்ணம் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர் ஒருவர், நிரல் எழுதுபவர் இன்னொருவர். முன்னவர் விரும்பிய சிறு மாற்றத்துக்கும் பின்னவர் நிரலைத் திறக்க வேண்டியிருந்தது.

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன், சுருக்கமாக டபிள்யூபிஎஃப், இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தது. அதில் இடைமுகத்தை வரையக் கட்டளைகள் எழுதுவதில்லை. 'ஸாமல்' என்று உச்சரிக்கப்படும் குறிமொழியில் விவரித்துவைக்கிறார்கள். வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் போலவே இதிலும் கோண அடைப்புகளுக்குள் பெயர்கள், பெயர்களுக்குள் பெயர்கள்.

இதில் புரட்சிகரமான கருத்து ஒன்று உண்டு. பொத்தானுக்கு நடத்தை மட்டுமே சொந்தம், முகம் சொந்தமில்லை. தன்னை அழுத்தினார்களா, அம்பு மேலே நிற்கிறதா, தான் செயல்படலாமா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தான் சதுரமா வட்டமா, நீலமா பச்சையா என்பது தெரியாது. அந்த முகத்தை 'டெம்ப்ளேட்' என்ற வார்ப்பு தருகிறது. தெருக்கூத்தில் வேஷம் கட்டுவதுபோல ஒரே பொத்தானுக்கு எந்த வார்ப்பையும் அணிவிக்கலாம். வார்ப்புக்குள் பெரும்பாலும் ஒரு சட்டகம், அதற்குள் எழுத்தோ படமோ வைக்கும் இடம். சட்டகத்தை வட்டமாக வளைத்தாலும் நட்சத்திரமாக வெட்டினாலும், அழுத்தினால் அது பொத்தானாகவே நடந்துகொள்ளும்.

நிலைக்கேற்ப முகத்தை மாற்றுவது 'டிரிக்கர்' என்ற விதி. 'அம்பு மேலே நிற்பது உண்மையானால் பின்னணி இளநீலம்' என்பது ஒரு டிரிக்கர். 'அழுந்தியிருப்பது உண்மையானால் பின்னணி அடர்நீலம்' என்பது இன்னொன்று. கவனிக்க வேண்டியது, எழுதாமல் விட்ட பாதி. அம்பு விலகினால் பழைய நிறத்துக்குத் திரும்பு என்று யாரும் எழுதுவதில்லை. நிபந்தனை பொய்யான கணமே விதி தானாக விலகிக்கொள்கிறது. அடியில் இருந்த நிறம் மீண்டும் தெரிகிறது. திரும்பும் வழியை எழுத மறந்து மினுங்கிக்கொண்டே நின்ற பொத்தான்களின் காலம் அத்தோடு முடிந்தது.

இந்த எண்ணம் மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் உரியதல்ல. வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் தன் இரண்டாம் பதிப்பில், 1998இலேயே, அம்பு மேலே நிற்கும் நிலைக்கு 'ஹோவர்' என்ற பெயரைத் தந்திருந்தது. 2006இல் கியூட்டி 4.2, 2011இல் லினக்ஸ் உலகின் ஜிடிகே 3 என்ற இரண்டு இடைமுகக் கருவித்தொகுப்புகளும் ஏறத்தாழ அதே எழுத்துமுறையை மேசைக்கணினிச் செயலிகளுக்குக் கொண்டுவந்தன.

சிவப்பு ஏன் வரவில்லை?

டபிள்யூபிஎஃப் கற்கத் தொடங்கும் ஏறத்தாழ எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அம்பு மேலே வந்தால் பொத்தான் சிவப்பாக வேண்டும் என்று பொத்தானின் 'ஸ்டைல்' என்ற, பண்புகளுக்கு மதிப்புகளைத் தொகுத்துவைக்கும் பகுதியில் ஒரு டிரிக்கர் எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை இல்லை. செயலியை ஓட்டிப் பார்த்தால் பொத்தான் சிவக்கவில்லை, வெளிர்நீலமாகிறது. அந்த நீலத்தை யாரும் கேட்கவே இல்லை.

அது இயல்பு வார்ப்பிலிருந்து வருகிறது. விண்டோஸ் 8 முதல் வந்த தோற்றத்தில், அம்பு மேலே நிற்கும் பொத்தானுக்குச் சிவப்பு 190, பச்சை 230, நீலம் 253 என்ற கலவையில் ஒரு வெளிர்நீலம் வார்ப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. சாதாரண நேரத்தில் உள்ளே இருக்கும் சட்டகம், வெளியே இருக்கும் பொத்தானின் பின்னணி நிறத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அம்பு வந்ததும் வார்ப்பின் சொந்த டிரிக்கர் சட்டகத்தை நேரடியாகவே நீலமாக்கிவிடுகிறது. புதியவர் எழுதிய விதியும் வேலை செய்யத்தான் செய்கிறது. பொத்தானின் பின்னணி என்ற பண்பு உண்மையிலேயே சிவப்பாகிறது. ஆனால் அந்தக் கணத்தில் சட்டகம் அதைக் கேட்பதில்லை. வீட்டுக்கு வெளிச்சுவரில் சிவப்பு அடித்துவிட்டு, உள்ளறை ஏன் இன்னும் நீலமாக இருக்கிறது என்று வியப்பதற்கு ஒப்பானது இது. தீர்வு, வார்ப்பையே புதிதாக எழுதி, டிரிக்கரை அதற்குள் வைப்பது.

இரண்டாவது பள்ளம் முன்னுரிமை. ஒரே பண்புக்குப் பலர் மதிப்புச் சொன்னால் யார் சொல் எடுபடும் என்பதற்கு டபிள்யூபிஎஃப்பில் தெளிவான படிவரிசை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் அசைவூட்டம் மேலே. அடுத்து அந்தப் பொத்தானிலேயே நேரடியாக எழுதிய மதிப்பு. அதற்குக் கீழே ஸ்டைலின் டிரிக்கர். அதற்கும் கீழே ஸ்டைலின் சாதாரண மதிப்பு. ஆகவே பொத்தானின் வரியிலேயே 'பின்னணி பச்சை' என்று எழுதிவிட்டால், ஸ்டைலில் உள்ள டிரிக்கர் அதை அசைக்க முடியாது. அந்தப் பச்சையை ஸ்டைலுக்குள் மாற்றி எழுதியதும் எல்லாம் சரியாகிவிடும்.

மூன்றாவது, வரிசை. விரல் அழுத்தும்போது அம்பும் மேலேதான் இருக்கிறது. இரண்டு விதிகளும் ஒரே நேரத்தில் உண்மை. அப்போது பின்னால் எழுதப்பட்ட விதிதான் வெல்லும். அழுந்திய நிலையை முதலில் எழுதிவிட்டு அம்பு நிற்கும் நிலையைப் பின்னால் எழுதியவரின் பொத்தான், எவ்வளவு அழுத்தினாலும் 'உம்' கொட்டாது.

இருபத்துநான்கும் ஒன்பதும்

பொத்தானின் நெருங்கிய உறவான தேர்வுப்பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். அது சாதாரணமாக இருக்கலாம், அம்பு மேலே நிற்கலாம், அழுந்தியிருக்கலாம், செயலற்றிருக்கலாம்: நான்கு. டிக் இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே இருக்கலாம்: மூன்று. விசைப்பலகையின் கவனம், அதாவது ஃபோகஸ், அதன் மேல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்: இரண்டு. பெருக்கினால் காகிதக் கணக்கில் 24 முகங்கள். இன்னொரு இரட்டை நிலை சேர்ந்தால் 48. ஒவ்வொரு முகத்தையும் தனியாக வரையப் புறப்பட்டவர் கரையேற மாட்டார்.

இதே பெருக்கத்தை 1980களின் தொடக்கத்தில் வேறு ஒருவர் எதிர்கொண்டார். இஸ்ரேலியக் கணினி அறிஞர் டேவிட் ஹாரெல், லாவி என்ற போர்விமானத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டை வடிவமைத்த பொறியாளர்களுக்கு ஆலோசகராகப் போனார். இன்ன சூழ்நிலையில் விமானி இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டார். பொறியாளர்கள் திறமைசாலிகள், ஆனால் விடை பருத்த ஆவணங்களில் பல இடங்களில் சிதறிக் கிடந்தது. அந்தச் சிக்கலிலிருந்து பிறந்த 'ஸ்டேட்சார்ட்' என்ற வரைபட முறையை 1987இல் அவர் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அதன் அடிப்படை எண்ணங்களில் ஒன்று: ஒன்றையொன்று பாதிக்காத நிலைகளைப் பெருக்காதே, தனித்தனி அறைகளில் வைத்து, எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் இயங்கட்டும்.

2008இல் மைக்ரோசாஃப்டின் உலாவிச் செருகுநிரலான சில்வர்லைட் 2 வழியாகவும், 2010இல் டபிள்யூபிஎஃப் வழியாகவும் ஸாமலுக்கு வந்த 'விஷுவல் ஸ்டேட் மேனேஜர்' இந்த எண்ணத்தையே பின்பற்றுகிறது. நிலைகள் குழுக்களாகப் பிரிகின்றன. பொதுநிலைகள் ஒரு குழு, டிக் நிலைகள் இன்னொரு குழு, ஃபோகஸ் நிலைகள் மூன்றாவது குழு. ஒவ்வொரு குழுவிலும் எந்த நேரத்திலும் ஒரே நிலை. பெருக்கல் போய்க் கூட்டல் வந்தது: 4, 3, 2 சேர்ந்து 9. ஒன்பது முகக்கூறுகளை எழுதினால் இருபத்துநான்கு முகங்களும் தாமாகவே அமைந்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு குழுக்கள் ஒரே பண்பைத் தொடக் கூடாது. பொதுநிலைக் குழு பின்னணி நிறத்தை ஆண்டால், ஃபோகஸ் குழு வெளிக்கோட்டை மட்டும் ஆள வேண்டும். ஒரே வயலுக்கு இருவர் தண்ணீர் திருப்பினால் கடைசியில் வாய்க்காலை வெட்டியவரின் பயிர்தான் நனையும். இங்கும் கடைசியாக மாறிய நிலையின் நிறம்தான் நிற்கும்.

குழுவுக்குள் எந்த நிலை என்பதைப் பொத்தானின் நடத்தை நிரல் முடிவு செய்கிறது. செயலற்றிருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் அழுந்தியிருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் அம்பு மேலே இருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் சாதாரணம். டிரிக்கர்களின் வரிசைக் குழப்பம் இங்கே எழவே வழியில்லை.

ஆறு படங்களுக்குள்

1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டை, டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டிய இடமாக வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அதே மாநாட்டுத் தொகுப்பில் ஐபிஎம்மின் ராபர்ட் மில்லர், மனிதர் எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருப்பார் என்று ஆராய்ந்த கட்டுரை இடம்பெற்றது. விசையை அழுத்தினால் 'கேட்டுவிட்டேன்' என்ற அடையாளம் ஏறத்தாழ 0.1 நொடிக்குள் வர வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. 1993இல் பயன்பாட்டு வசதி நிபுணர் ஜேக்கப் நீல்சன் அதை இடைமுக வடிவமைப்பாளர்களிடையே பரப்பினார்.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 0.1 நொடி என்பது ஆறே படங்கள். கோப்பை நீக்க ஐந்து நொடி ஆகட்டும். பொத்தான் அமுங்குவதற்கு அவ்வளவு நேரம் ஆகக் கூடாது. ஸாமலில் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கால அளவையும் எழுதலாம். அழுந்திய நிலைக்குள் உடனே நுழைந்து, அங்கிருந்து கால் நொடியில் மெல்லத் திரும்பும் பொத்தான் கைக்கு இதமாக இருக்கும். நுழைவதற்கே அரை நொடி எடுத்தால் அழகான அசைவும் சோம்பலாகத்தான் தெரியும்.

எல்லோருக்கும் கேட்கும் 'உம்'

நிறத்தால் மட்டும் பதில் சொல்லும் பொத்தான் எல்லோருக்கும் பதில் சொல்வதில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை போன்ற நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. அவர்களுக்குப் பச்சையிலிருந்து சிவப்பாக மாறும் பொத்தான் அசையாமலே இருக்கலாம். விளிம்பின் தடிமன், வெளிச்ச வேறுபாடு, ஒரு புள்ளி நகர்வு என்று இரண்டாவது அடையாளம் கட்டாயம் வேண்டும். 2018இல் வெளியான அணுகல் நெறிமுறைகள், கட்டுப்பாட்டையும் அதன் நிலையையும் அடையாளம் காட்டும் கோடுகளுக்கும் அருகிலுள்ள நிறத்துக்கும் இடையே 3க்கு 1 என்ற ஒளிர்வு விகிதமாவது இருக்கக் கேட்கின்றன. வலைக்கென எழுதிய இந்த விதி மேசைக்கணினிச் செயலிக்கும் நல்ல அளவுகோல்.

மவுஸே பிடிக்காதவர்களுக்கு ஃபோகஸ் நிலைதான் உயிர். டேப் விசையைத் தட்டித் தட்டிப் போகும் ஒருவருக்கு, தான் இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டுவது அந்த மெல்லிய கட்டம் மட்டுமே. புது வார்ப்பை எழுதும் வடிவமைப்பாளர்கள், அழகைக் கெடுக்கிறது என்று முதலில் தூக்கி எறிவதும் அதைத்தான். அது ஒருவர் கையிலிருந்து ஊன்றுகோலைப் பிடுங்குவதற்குச் சமம்.

செயலற்ற நிலையிலும் ஒரு கவனம் தேவை. மங்கிய பொத்தானை டேப் விசை தாண்டிப் போய்விடுகிறது. திரைவாசிப்பான் வழியே கேட்பவருக்கு அப்படியொரு பொத்தான் இருப்பதே தெரியாமல் போகலாம். பார்வை உள்ளவருக்கும் அது ஏன் மங்கியிருக்கிறது என்ற விளக்கம் கிடைப்பதில்லை. டபிள்யூபிஎஃப்பில் செயலற்ற பொத்தானின் மேல் அம்பை வைத்தால் குறிப்புப் பெட்டிகூட இயல்பாக வராது. அதை வரவழைக்க 'ஷோஆன்டிசேபிள்டு' என்ற பண்பு ஒன்று இருக்கிறது. ஒரே வரி எழுதினால் போதும்: 'முதலில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுக்கவும்' என்று அந்தப் பொத்தான் காரணம் சொல்லத் தொடங்கும்.

தொடக்கத்தில் பார்த்த அலுவலகக்காரரின் கோப்பு பிழைத்ததும் ஸாமலில் ஒரு பண்பால்தான். அதன் பெயர் 'கிளிக்மோடு'. அதற்கு மூன்று மதிப்புகள்: விரலை விடும்போது செயல்படு, அழுத்தும்போதே செயல்படு, அம்பு மேலே வந்தாலே செயல்படு. யாரும் எதுவும் எழுதாவிட்டால் முதலாவது. வேகம் வேண்டும் என்று அதை இரண்டாவதாக மாற்றியிருந்தால், பொத்தான் அதே நிறத்தில் கறுத்திருக்கும், அதே அளவு அமுங்கியிருக்கும். அவர் மவுஸை இழுப்பதற்குள் இந்த ஆண்டின் கணக்கு போயிருக்கும்.